மூழ்கிய கப்பலை முன்வைத்த நகரம்

பிறநாட்டு நகரங்களைக் கண்டு மீள்வோர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கக் காண்கின்றோம். அரண்மனை கண்டேன், கோபுரம் ஏறினேன், படகிற் சென்றேன், திரும்பினேன் என்பதோடு அவை முடியும். சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்ரொக்கோமுக்குச் சென்றுவந்த செய்தியறிந்து மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபொழுது, அவ்வகையில் எழுதுவதில்லை என்னும் உறுதியுடனேயே இசைந்தேன். யான் கூறவந்தது ஒரு கருத்து மட்டுமே. அந்நகரில் ஒரு பகல் மாத்திரம் தங்குவோர், அறுநூறுக்கு மேற்பட்ட அறைகளையுடைய அரண்மனையைப் புறத்தே நின்று பார்த்தல் போதும். எஞ்சிய பொழுதை யூர்கோர்டென் என்னும் தீவிலே கழித்தல் வேண்டும்.

அங்கு வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் எனக்கு வழிகாட்டியாக அமைந்தார். நேரம் குறித்த பட்டியலொன்று அவர் கையில் இருந்தது. “சேர், காலையில் நகர மண்டபம், நண்பகலில் அரண்மனைக் காவலர் மாறும் காட்சி, பிறகுதான் கப்பல்” என்றார். கடலுக்குப் புறப்பட்ட அன்றே மூழ்கிய கப்பலை நூதனசாலையில் வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று கேட்டு யான் நகைத்தேன். அந்நகைப்புக்கு இன்று நாணுகின்றேன்.

நகர மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லிச் செல்லலாம். 1923 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்தில், நோபெல் பரிசு விருந்து நடைபெறும் கூடத்துக்கு நீல மண்டபம் என்று பெயர். அங்கே நீலத்தைக் காண்டல் அரிது, எங்கும் செங்கல். சுவரை நீலமாக்க எண்ணியிருந்த சிற்பி ராக்னார் ஓஸ்ற்பெரி, செங்கல்லின் அழகைக் கண்டு அவ்வாறே விட்டுவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. காரணப்பெயர் காரணமிழந்து நிற்பதற்கு வகுப்பிலே காட்ட நல்லதோர் உதாரணம் கிடைத்ததென்று மகிழ்ந்தேன். பழைய நகரின் ஒடுங்கிய சந்துகளும் 1520 இற் பெருங்கொலை நிகழ்ந்த சதுக்கமும் விரைவிலேயே பார்த்து முடிந்தன.

பின்னர்க் கப்பல்.

வாசா என்னும் அப்போர்க்கப்பல் 1628 ஓகஸ்ட் 10 ஆம் நாள் முதன்முறையாகப் பாய்விரித்தது. இரு தட்டுகளிற் பீரங்கி வரிசை. மொத்தம் அறுபத்து நான்கு. கரையிலே மக்கள் திரண்டு நிற்க, ஏறத்தாழ 1,300 மீற்றர் சென்றதும் ஒரு காற்று வீசிற்று. சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி வாயில்களால் நீர் புகுந்தது, முப்பது பேரளவில் மாண்டனர். மேற்பாரம் மிகுந்து அடிப்பாரம் குறைந்தமையே காரணம். இதனை எவரும் அறியாதிருந்தாரா எனின், அறிந்திருந்தனர் என்பதே கொடுமை. புறப்பாட்டுக்கு முன்னர்க் கடற்படைத் துணைத் தளபதியின் முன்னிலையில் முப்பது மாலுமிகளைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதும் துறையிலேயே கவிழ்ந்துவிடுமென அஞ்சி நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் புறப்பாட்டை நிறுத்தவில்லை. மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடொல்ப் போர்க்களத்திலிருந்து கப்பலை விரைந்து கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிய ஒல்லாந்தத் தச்சரோ முந்திய ஆண்டே இறந்துவிட்டார். விசாரணை நடந்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை.

அக்கப்பலின் முன் நின்றபொழுது என் தொழிலே நினைவுக்கு வந்தது. பயிற்சி முடித்துப் பணியேற்ற இரண்டாம் ஆண்டில், ஒரு வகுப்பு பொதுப் பரீட்சைக்கு ஆயத்தமாகவில்லை என்பதை நன்கறிந்திருந்தேன். முழு வகுப்பும் தோற்றுதல் வேண்டுமென மேலிடம் விரும்பிற்று. யான் வாய்திறவாது ஒப்பமிட்டேன். பதினொரு பிள்ளைகள் சித்தியடையவில்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசாதிருந்தவர்களுள் யானும் ஒருவன் அல்லனோ?

நம் மலர்களிலே பரிசு பெற்றோரின் பெயர்களை நிரல்படுத்துகின்றோம், அது தக்கதே. ஆனால் நாம் எங்கே தவறினோம் என்பதற்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கிய மலரை யான் கண்டிலேன். அந்நாட்டாரோ 333 ஆண்டுகள் நீரடியிற் கிடந்த தம் தவற்றை, ஆன்டர்ஸ் பிரான்சேன் 1956 இல் தேடிக் கண்டுபிடிக்க, 1961 ஏப்ரில் 24 இல் மேலே எடுத்தார்கள். பதினேழு ஆண்டுகள் மரத்தின்மீது மருந்துநீர் தெளித்தார்கள். 1990 இல் தனி நூதனசாலை அமைத்தார்கள். பால்டிக் கடலில் உப்புக் குறைவாதலால் மரந்துளைக்கும் புழு அங்கு வாழாது; அதனாலேயே கப்பல் எஞ்சிற்று. உள்ளே தச்சரின் அடிமட்டங்கள் நான்கு கிடைத்தன. சில சுவீடன் அடி, பன்னிரண்டு அங்குலம். சில அம்ஸ்ரடாம் அடி, பதினோரு அங்குலம். கப்பலின் இருபுறமும் ஒவ்வாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமென்பர். ஆணென்று கருதி நெடுங்காலம் குஸ்தாவ் என அழைத்துவந்த எலும்புக்கூடு பெண்ணுடையதென 2023 இல் மரபணு ஆய்வு காட்டியதும், அத்தவற்றையும் ஒளியாது அறிவித்தார்கள்.

அதே தீவிலுள்ள ஸ்கன்சென், 1891 இல் ஆர்தூர் ஹசேலியுஸ் தொடங்கியது. இவர் மொழியாசிரியர், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு உழைத்தவர். எம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. 1872 இல் டலார்னா என்னும் நாட்டுப்புறத்துக்குச் சென்றவர், புதிய வாழ்வில் பழைய உடையும் கருவியும் மறைவதைக் கண்டு, ஒரு குடியானவப் பெண்ணின் பாவாடையை விலைக்கு வாங்கினார். அங்கே தொடங்கிய சேகரிப்பு, பின்னர் நாடெங்குமுள்ள குடில்களையும் பண்ணை வீடுகளையும் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் நிறுத்துமளவுக்கு வளர்ந்தது. அரசர்தம் பொருளைக் காப்பதற்கு ஆள் பலர்; உழவன் வீட்டு அடுப்பைக் காக்க எண்ணியவர் அரியர். ஆயினும் ஒரு குறை சொல்லாது விடல் தகாது. வடபுலத்துச் சாமி மக்களைக் குடும்பமாகக் கொணர்ந்து, வருவோர் பார்ப்பதற்காக அங்கே குடியிருத்திய காலமும் உண்டு. வீட்டைக் காட்சிக்கு வைத்தல் வேறு; உயிருள்ள மனிதரை வைத்தல் வேறு.

அங்குள்ள பழைய கிராமப் பள்ளிக்கூடத்தின் வாங்கில் யான் அமர்ந்தவன் எழுந்திருக்க மனமின்றி நெடுநேரம் இருந்துவிட்டேன். மாணாக்கர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மாலையில் அரண்மனையை அடைந்தபொழுது வாயில் அடைத்தாயிற்று. “பரவாயில்லை, சேர்” என்று சொல்லி முற்றத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துத் தந்தார். வீட்டார் கேட்பார்கள் அன்றோ.