கூட்டிக்கொண்டு போன அன்றே போய் நிற்போம்

ஒரு கார் சாவியைக் கையில் வாங்கியதுதான் அந்தப் பையன் செய்தது. 2025 ஜூன் 27, திருப்புவனம் பக்கத்து மடப்புரம் காளி கோயில். சாமி கும்பிட வந்த ஒரு பெண், காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி அங்கே காவலாளியாக இருந்த அஜித்குமாரிடம் சாவியைக் கொடுத்தார். அஜித்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்னொருவரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்னார். பிறகு, வண்டியில் இருந்த சுமார் பத்துப் பவுன் நகையைக் காணோம் என்று புகார். மறுநாள் அஜித்குமார் உயிரோடு இல்லை. கோயிலுக்குப் பின்னால் வைத்து மஃப்டி போலீஸ் அடித்ததைக் கோயில் ஊழியர் ஒருவர் கழிப்பறைக்குள் மறைந்து நின்று செல்போனில் பிடித்தார். அந்தச் சில விநாடிகள் இல்லையென்றால் இதுவும் 'வலிப்பு வந்து விழுந்தார்' என்ற ஒற்றை வரியோடு மூடப்பட்டிருக்கும். உடற்கூராய்வில் 44 காயங்கள். இத்தனைக்கும், அவரை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நகைத் திருட்டுக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். கூடப் போடப்பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஐந்து காவலர்கள் கைது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கடும் கண்டனம், சி.பி.ஐ. விசாரணை, தனிப்படைகளைக் கலைக்கும் உத்தரவு. இதெல்லாம் உயிர் போன பிறகு நடந்தவை. உயிர் இருந்த அந்த இரண்டு நாளில் அவருக்காக வாசலில் போய் நின்றவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்காகத்தான் இந்த அழைப்பு.

அந்த வாரம் நம் கொட்டாம்பட்டி டீக்கடையில் நான் கேட்ட பேச்சை அப்படியே சொல்கிறேன். "எடுக்காதவனப் போய் எதுக்குப்பா அடிக்கப் போறாய்ங்க?" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், "ரெண்டு தட்டு தட்டுனாத்தான் உண்மை வரும். இவன் செத்துப் போனதுதான் தப்பாப் போச்சு" என்றார். இருவருமே கெட்டவர்கள் இல்லை. ஒருவர் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்க்கிறவர், இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாளைக்கு ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் கூட்டிக்கொண்டு போகப்படுகிறவர்கள் இவர்கள்தான். இவர்கள் வாயிலிருந்தே லத்திக்கு அனுமதி போகிறது.

தோழர்களே, இதை நாம் நேருக்கு நேர் பேசியாக வேண்டும். பிடிபட்டவன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் போட்டு, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்' என்று சிரித்துப் பரப்பாத வாட்ஸ்அப் குழு நம் பக்கம் உண்டா? நம் சங்கத்துக் குழுக்களிலும் அது வந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐதராபாத்தில் பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது சுட்ட இடத்துக்கே போய்ப் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், அது திட்டமிட்டுச் சுட்டதுதான் என்றும் பத்துப் போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. கொல்லப்பட்டவர்கள்தான் குற்றவாளிகளா என்று இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. கொலையான அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய நீதியையும் சேர்த்தே புதைத்துவிட்டார்கள்.

சந்தேகப்பட்டால் போதும், அடிக்கலாம் என்ற இந்த நினைப்பு மதுரைச் சீமைக்குச் செய்த கொடுமை கொஞ்சமா? ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று வெள்ளைக்காரன் ரேகைச் சட்டம் போட்டான். ராத்திரியில் சொந்த வீட்டில் படுக்க விடாமல் ஆண்களைக் காவல் நிலையத்தில் படுக்க வைத்தான். கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டான். பதினாறு பேர் விழுந்தார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. அது விட்டுப்போன கண் ஒழியவில்லை. இன்றைக்கு அந்தக் கண் குறவர் குடியிருப்பின் மேல், சேரிப் பையன்கள் மேல், குவாரிக்கும் ஓட்டலுக்கும் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி மேல் விழுகிறது. அடிபட்ட மண்ணில் பிறந்த நாம் அந்தக் கண்ணை இரவல் வாங்கிக்கொள்ளலாமா?

இந்த அழைப்பு எந்த ஒரு நிலையத்தின் மீதான புகாரும் அல்ல, அங்கே வேலை பார்க்கும் காவலர்களோடு பகையும் அல்ல. பன்னிரண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற ஏட்டையாவின் கஷ்டம் நமக்குத் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் விடிய விடிய அடித்ததைச் சொன்னவரும் சீருடை போட்டவர்தான். தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டையே நிலையத்துக்குள் ஒரு காவலர் மரியாதையில்லாமல் பேசிய இடத்தில், வெளியே சக காவலர்கள் நிற்க, உள்ளே உட்கார்ந்து ரத்தம் படிந்த மேசையையும் லத்தியையும் பற்றி அந்தப் பெண் வாக்குமூலம் கொடுத்தார். அப்படி ஒருவர் வாய் திறக்க வேண்டுமானால் வெளியே ஊர் நிற்கிறது என்ற தெம்பு அவருக்கு வேண்டும்.

சாத்தான்குளத்தில் வேறு என்ன நடந்தது என்பதையும் கவனியுங்கள். கேமரா இருந்தது. பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். இருவரையும் அரசு மருத்துவமனையில் காட்டினார்கள், சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட் முன்பும் கொண்டு போனார்கள், ரிமாண்ட் ஆனது. கேமரா, டாக்டர், நீதிமன்றம் என்று சட்டம் வைத்த மூன்று காவலையும் தாண்டித்தான் அப்பனும் மகனும் செத்தார்கள். சட்டம் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட என்ன சொல்ல?

முறையிடப் போகும் இடத்தின் நிலையையும் பாருங்கள். காவல்துறை மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. தமிழ்நாடு 2013இல் போட்ட சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைவராக்கியது. போலீஸைக் கையில் வைத்திருக்கிற அரசே போலீஸ் மீதான புகாரையும் விசாரிக்கும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இவற்றை மாற்றும் போராட்டம் நீண்டது, அதையும் விடப்போவதில்லை. ஆனால் அடி விழுவது முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில். அந்த இருபத்து நான்கு மணி நேரத்தைத்தான் நாம் இப்போதே கையில் எடுக்க முடியும்.

எப்படி? ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்ததும் போனை எடுத்துப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். வண்டி எண், வந்தவர்களின் பெயர், நேரம் மூன்றையும் குறியுங்கள். கைது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே வந்த தீர்ப்பு இது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்த எடுப்பில் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்வதே முறை. பெண்ணையும் அறுபது வயது தாண்டியவரையும் சாட்சி விசாரணைக்கு என்று நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்" என்றால், "நல்லதுய்யா, அதுவரைக்கும் வாசல்லயே இருக்கோம்" என்று சொல்லி நில்லுங்கள். குரலை உயர்த்தாதீர்கள், தள்ளுமுள்ளுக்குப் போகாதீர்கள். நாலு பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தாலே உள்ளே கை ஓங்குகிறவன் யோசிப்பான்.

இலவச வக்கீலுக்கு 15100க்குப் போன் போடுங்கள். எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அன்றே புகார் போகட்டும், அனுப்பிய நேரம் பதிவாக வேண்டும். ஆள் எங்கே என்றே சொல்லாவிட்டால் ஆட்கொணர்வு மனு. அதைப் போட வேண்டிய உயர் நீதிமன்றக் கிளை, மாட்டுத்தாவணிக்குப் போகும்போது ஒத்தக்கடையில் பஸ் ஜன்னல் வழியாக நாம் பார்க்கிற அதே கட்டடம்தான். மேலூர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது குடும்பத்தார் கோர்ட்டில் இருந்தாக வேண்டும். "அடிச்சாங்களா?" என்று கேட்டால் பயப்படாமல் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. அதை அழிக்கக் கூடாது என்று மறுநாளே எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை அதற்குப் பிறகு. அம்பாசமுத்திரத்தில் 2023இல் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் கிளம்பியபோது, பாதிக்கப்பட்டவரில் ஒருவரே முதலில் கீழே விழுந்து பல் போனதாகச் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நமக்குப் புரியாதா? மடப்புரத்தில் வீடியோ எடுத்தவரும் பாதுகாப்புக் கேட்டுத்தான் நின்றார். சாட்சி சொல்பவரின் வீட்டுக்குத் தினமும் யாராவது போக வேண்டும். அவர் வேலை போனால் அரிசி போக வேண்டும். சமரசம் பேச வருகிறவர்கள் வரும் நேரத்தில் திண்ணையில் நம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம்மால் முடியுமா என்று கேட்காதீர்கள். 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்த மக்கள் நம் மக்கள்தான். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் போட்டார்கள். சுரங்க ஏலமும் ரத்தானது, வழக்குகளும் திரும்பப் பெறப்பட்டன. மலைக்காகத் திரண்ட ஊர், தன் பிள்ளைக்காகத் திரளாதா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கொட்டாம்பட்டி பேருந்து நிறுத்தத்தில் கூடுகிறோம். கருங்காலக்குடி, வஞ்சிநகரம் தொடங்கி ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். ராத்திரி எந்த நேரம் அடித்தாலும் எடுக்கிற போன் நம்பரோடு வாருங்கள். நம்பர் பட்டியலை அங்கேயே எழுதி எல்லா ஊருக்கும் கொடுக்கிறோம். அங்கிருந்து காவல் நிலையத்துக்கு அமைதியாக நடந்துபோய் இரண்டே கோரிக்கை வைத்து மனு கொடுக்கிறோம்: கைது விதிகளைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும், எல்லாக் கேமராவும் ஓடுகிறதா என்று எழுத்தில் பதில் தர வேண்டும். மனு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு யாரும் கிளம்ப வேண்டாம்.