கயிறு யாரோடது?

போன வருசம் ஆவணி மாசம். கிணற்றடி மோட்டார் ரூம் மேலே ஒரு வேப்பங்கிளை சாய்ந்து கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிவிடலாம் என்று மரம் ஏறுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் தன்னுடைய கயிற்றைப் பக்கத்து ஊர் வேலையில் விட்டுவிட்டு வந்திருந்தார். "நம்ம தொழுவத்துல ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கோ" என்று கொடுத்தேன். நாலைந்து வருசமாகத் தாழ்வாரத்தில் வெயில் பட்டுத் தொங்கிய நைலான் கயிறு அது. பாதி மரத்தில் பட்டென்று அறுந்துவிட்டது.

பத்தடி உயரம்தான். கீழே மூடாக்காகக் கிடந்த சருகு உயிரைக் காப்பாற்றியது. ஆனால் மணிக்கட்டு முறிந்து, இரண்டு மாசம் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் விசாரித்தபோது அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "கயிறு யாரோடது, அண்ணாச்சி?"

அன்றிலிருந்து யோசிக்கிறேன். மண்ணுக்கு விஷம் வேண்டாம் என்று பேசுகிற நாம், மாட்டைப் பிள்ளை மாதிரி பார்க்கிற நாம், மரம் வெட்டுகிற கருவியை மட்டும் ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறோம்?

எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் முன்பெல்லாம் கோடாரியும் அரிவாளும்தான். 2017-இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட சமயத்தில், மெஷின் ரம்பத்தின் சத்தம் ஊர் ஊராகக் கேட்டது. அந்த வேலை ஓய்ந்தாலும் மெஷின் நம்மிடம் தங்கிவிட்டது. இப்போது நெல்லி, கொய்யா, புளி எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறோம். மெஷின் வந்த வேகத்தில் அதைப் பராமரிக்கிற பழக்கம் வரவில்லை.

என் கணக்கில் கருவிகள் மூன்று வகை. தீட்ட வேண்டியவை, பழுது பார்க்க வேண்டியவை, யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டியவை. எது எந்த வகை என்று தெரியாமல் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலாவது, தீட்டுவது. ரம்பம் அறுக்கும்போது துருவல் துருவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரித் தூள் கொட்டினால் கூர் போய்விட்டது. அப்போது மெஷினை அமுக்கி அறுக்கக் கூடாது, நிறுத்தி அரம் போட வேண்டும். செயினுக்கு ஏற்ற உருண்டை அரம் வேண்டும். சிறிய செயினுக்கு 4 மில்லிமீட்டர், அதற்கு அடுத்த அளவுக்கு 4.8 மில்லிமீட்டர். உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் ரம்பம் கோணலாக இழுக்கும். கவாத்துக் கத்தியும் அப்படித்தான். கூரான கத்தி வெட்டினால் காயம் வழுவழுப்பாக இருக்கும், மரம் சீக்கிரம் மூடிக்கொள்ளும். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் தண்ணீர் தங்கி அழுகல் இறங்கும். பஞ்சகவ்யா தெளிப்பதற்கு முன்னால் கத்தியைத் தீட்டுங்கள். எலுமிச்சையில் சொறிநோய் இருந்தால், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். நோயைச் சுமந்துகொண்டு போவது நம் கத்திதான்.

இரண்டாவது, பழுது பார்ப்பது. அரிவாள் பிடி ஆடினால் புதுப் பிடி போடலாம். ஏர் பில்டரைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்யலாம். செயின் ஓடுகிற தகட்டை அவ்வப்போது தலைகீழாக மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். பிரேக் பிடிக்கவில்லையா, பார்த்துச் சரிசெய்கிற வரை மெஷினைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, தூக்கிப் போடுவது. கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட். இவற்றுக்குப் பழுது பார்க்கிற பேச்சே கிடையாது. நார் பிரிந்த கயிறு, வெயிலில் வெளுத்து விறைத்த கயிறு, பேட்டரி ஆசிட் பட்ட கயிறு, ஒரு தடவை ஆளைத் தாங்கி நின்ற பட்டை, விழுந்து அடி வாங்கிய ஹெல்மெட், எதுவுமே மரத்துக்கு ஆகாது. "முடிச்சுப் போட்டா நிக்கும்" என்று நாம் சொல்கிறோம். மரத்தில் நிற்பது நாம் இல்லையே! அந்தக் கயிற்றை வேண்டுமானால் வைக்கோல் கட்டுங்கள். அதற்கு முன் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் என்னை மாதிரி ஒருத்தன் எடுத்து நீட்டுவான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செயினில் ஊற்றுகிற எண்ணெய் திரும்பி வருவதில்லை, அவ்வளவும் மண்ணில்தான் விழுகிறது. டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலை அதில் ஊற்றுகிறோம். உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் கலந்தது அது. உரக்கடைப் பக்கமே போகாதவன் தோட்டத்தில் இது தெளிக்கலாமா? ஐரோப்பாவில் கடுகின வித்து எண்ணெயில் செய்த செயின் ஆயில் கடையிலேயே விற்கிறது. நான் கடலை எண்ணெய் ஊற்றுகிறேன். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் பக்கத்தில் இருக்கிறோம், இதற்கா பஞ்சம்? வேலை முடிந்ததும் துடைத்து வைத்துவிடணும், விட்டால் பிசினாக இறுகிவிடும். ஆனால் பெட்ரோலில் கலக்கிற ஆயில் வேறு. அது கம்பெனி சொன்னதுதான், சொன்ன அளவுதான்.

தீயைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். பட்டாசு ஆலைக்குள் இரும்புக் கருவி ஆகாது, பித்தளையும் மரமும்தான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆட்கள் சித்திரை வெயிலில், காய்ந்த புல்லின் நடுவே, சூடு ஆறாத மெஷினில் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். ஆறவிட்டு ஊற்றுங்கள். ஊற்றிய இடத்தைவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கருவி வாங்க மானியம் இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு உழவர்களுக்குப் பாதி விலை வரை தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அரத்துக்கும் கயிற்றுக்கும், கற்றுக்கொடுக்கிற ஆளுக்கும் யார் தருவார்கள்? அரசைக் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அதுவரை நம் உழவர் குழுக்களே தொடங்கலாம். பத்துப் பேர் சேர்ந்து நல்ல கயிறு, ஒரு பட்டை, இரண்டு ஹெல்மெட், அரம் செட் வாங்கி ஒரு பெட்டியில் வைப்போம். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுவோம். மாசக் கூட்டத்தில் விதை பரிமாறுகிற மாதிரி, கயிற்றையும் அடி அடியாகத் தடவிப் பார்ப்போம்.

ஏறுகிறவர் கூலிக்காரர், கருவி அவர் பொறுப்பு என்று நான் நினைத்திருந்தேன். மரம் என்னுடையது, கிளை என்னுடையது. அப்படியானால் கயிறும் என்னுடையதுதான். அந்தம்மாவுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.