‘சரிங்க’ என்ற சொல்லின் விலை

கொங்கு நாட்டில் ‘சரிங்க’ என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பது ஒன்று. ‘செய்து தருகிறேன்’ என்பது மற்றொன்று. ‘முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை’ என்பது மூன்றாவது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைக் குரலின் இழுப்பை வைத்தே நாங்கள் அறிந்துகொள்வோம். பவானி நெசவாளரிடம், ‘பொங்கலுக்குள் இருபது ஜமக்காளம் கிடைக்குமா?’ என்று கேட்டு, ‘பாக்கலாங்க’ என்று பதில் வந்தால், உள்ளூர் வியாபாரி வேறு தறியைத் தேடப் புறப்பட்டுவிடுவார். அதே பதில், இரண்டு மூன்று இடைத்தரகர்களைக் கடந்து, ஆங்கில மின்னஞ்சலாக ஹாம்பர்க் நகரத்தைச் சென்றடையும்போது உறுதிமொழியாகிவிடுகிறது.

சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும் சமூகங்கள், சொன்னதை மட்டுமே எடுத்துக்கொள்ளும் சமூகங்கள் என்ற வேறுபாட்டை அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-லேயே விளக்கினார். ஜப்பானியரின் ‘ஹாய்’ என்ற சொல்லும் ‘ஆம்’ என்பதைவிட ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கே பல வேளைகளில் நெருக்கமானது. ஆனால், ஜப்பானோடு வணிகம் செய்யும் மேலை நாட்டார் அதைப் படித்துக்கொண்டு போகிறார்கள். கொங்குத் தமிழைப் படித்துக்கொண்டு இங்கு வருபவர் யார்? சரக்கு தாமதமானால் விலைக் குறைப்புக் கேட்பார்கள். அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்லி, அந்தச் செலவை விற்பவர் தலையில் கட்டுவார்கள். அது படிப்படியாக இறங்கி, கடைசியில் நெசவுக் கூலியில் வந்து நிற்கும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தபோது, புதிய சந்தைகளைத் தேட வேண்டும் என்ற குரல் திருப்பூரிலும் கரூரிலும் உரக்க எழுந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்று, பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. வரி விகிதங்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்தச் சந்தைகளில் நாம் நம்மை எந்தச் சொற்களால் அறிமுகப்படுத்தப் போகிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால், ஏற்றுமதி ஆவணங்களில் அது பெரும்பாலும் ‘காட்டன் கார்பெட்’ அல்லது ‘ரக்’. கார்பெட் என்று கேட்டதும் ஐரோப்பியர் மனத்தில் எழுவது, கால் புதையும் மெத்தென்ற கம்பளம். அவர் கைக்கு வருவதோ பாவும் ஊடையும் இறுகிப் பிணைந்த, பட்டைக் கோடுகள் ஓடும் தட்டையான விரிப்பு. ஏமாற்றம் அங்கேயே தொடங்குகிறது. விசைத்தறியில் நெய்த மலிவான விரிப்புக்கும் அதே பெயர்தான். எனவே, குழித்தறியில் கால் மிதித்து நெய்ததற்கு ஏன் கூடுதல் விலை என்பதை விளக்கவும் சொல் இல்லாமல் போகிறது.

உலக நாடுகளின் சுங்கத் துறைகள் பின்பற்றும் பொருள் வகைப்பாட்டில் 5702.10 என்ற எண்ணைப் பாருங்கள். ‘கெலெம், ஷுமாக், கரமானி மற்றும் அவை போன்ற கைநெசவு விரிப்புகள்’ என்று அதில் இருக்கிறது. துருக்கியும் காகசஸ் மலைநாடும் தங்கள் விரிப்புகளின் பெயர்களை உலக வணிகத்தின் அகராதியிலேயே ஏற்றிவிட்டன. நம்முடையது நுழைய வேண்டுமானால் ‘அவை போன்ற’ என்ற வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். துருக்கியர் ‘கிலிம்’ என்பதை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர்தான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்.

எல்லாவற்றையும் பண்பாட்டு வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் நிலவிய ‘சுமங்கலித் திட்டம்’ இதற்குச் சான்று. இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன அந்த ஏற்பாட்டுக்குக் கல்யாணக் களை சொட்டும் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அதைக் கொத்தடிமை முறையின் சாயலாகக் காட்டியது. அந்நியர் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று அப்போது இங்கு பலர் முறையிட்டார்கள். என் பார்வையில், அந்த இனிய பெயர் நம் கண்ணுக்கு மறைத்ததை அவர்கள் மொழி வெளிப்படுத்தியது.

2023-இல் லண்டன் ஃபேஷன் வீக் மேடைக்குப் பவானி ஜமக்காளத்தை வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா கொண்டுசென்றபோது, பவானி நெசவாளர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார். பெயரும் நெய்த கையும் சேர்ந்து தெரிந்ததால், அங்கே துணிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு நெசவாளரையும் லண்டனுக்கு அழைத்துச் செல்ல முடியாதுதான். ஆனால், விலைப்பட்டியலில் பொருளின் விவரம் எழுதும் கட்டத்தில், சுங்க எண்ணுக்குப் பக்கத்தில், ‘பவானி ஜமக்காளம், கைத்தறி’ என்று ரோமன் எழுத்தில் சேர்ப்பதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. ஏற்றுமதி அலுவலகத்தில் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர், அடுத்த சரக்கு புறப்படும்போதே அதைச் செய்துவிடலாம்.