தக்காளிக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்



போன வாரம் வாலாஜாபாத் பக்கம் விவசாயம் செய்யும் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அரை ஏக்கர் தக்காளி. இலைகள் சுருண்டு, செடி குட்டையாகி, காய்ப்பே இல்லையாம். வட்டிக்கு வாங்கி மூன்று முறை மருந்து அடித்துவிட்டான். "இன்னும் ஒரு தடவை அடிக்கட்டுமா சார்?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். இது இலைச்சுருள் வைரஸ். பரப்புவது வெள்ளை ஈ. மருந்து ஈயைக் கொல்லலாம். செடிக்குள் புகுந்த வைரஸை எந்த மருந்தும் எடுக்காது.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதென்று வருஷம் முழுக்கத் தக்காளி வைக்கிறோம். காய்த்து ஓய்ந்த செடிகளை அழிக்காமல், பக்கத்திலேயே புது நாற்று நடுகிறோம். ஈ அங்கிருந்து இங்கே நோயைக் கொண்டுவருகிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வீட்டுக்கு அனுப்பினோமே, அதே நியாயம்தான் இதற்கும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த விலை நினைவில் இருக்கும்வரை செடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது. ஆனாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

நாற்றங்காலை நைலான் வலையால் மூடுங்கள். வரப்போரம் மக்காச்சோளம் விதையுங்கள். இந்த நோயைத் தாங்கும் அர்கா ரக்ஷக் போன்ற ரகத்தை விசாரித்து வாங்குங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பழைய செடிகளை அகற்றுங்கள். ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடமும் பேசுங்கள். ஈக்கு வரப்பு தெரியாது.

அன்புடன்,
உங்கள் சார்