தரகன் எதற்கு?

கோவிலில் சாமிக்கும் நமக்கும் நடுவே பூசாரி. தாலுகா கச்சேரியில் சர்க்காருக்கும் நமக்கும் நடுவே தரகன். இருவருக்கும் பிழைப்பு நமது அறியாமையேயாகும். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டவர், “எஜமான் மனசு வைக்கவேண்டும்” என்று கைகட்டி நிற்பானேன் என்று கேட்கிறோம். அது பிச்சையா? நம் வரிப்பணமல்லவா?

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டி, “என் மனு என்னவாயிற்று?” என்று எழுதிக் கேட்டால், 30 நாளைக்குள் பதில் தந்தாகவேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர் அந்த 10 ரூபாயும் கட்டவேண்டியதில்லை. காரணம் கேட்க அதிகாரிக்கு உரிமையில்லை. பதில் வராவிட்டால் மேலதிகாரிக்கு அப்பீல் உண்டு.

ஆகவே தோழர்களே! எழுத்தறிந்தவர்கள் அறியாதவர்களுக்கு இதை எழுதிக் கொடுங்கள். கும்பிடும் கை எழுதத் துவங்கினால் தரகனுக்கு அங்கு என்ன வேலை?