ஆடிட்டர் வந்தால் ஏன் இந்தப் பயம்?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



"ஆடிட் வருது!" - இந்த ரெண்டு வார்த்தை காதில் விழுந்தால் போதும். எந்த ஆபீசானாலும் சரி, ஃபேக்டரியானாலும் சரி, தூசி படிந்த ஃபைல்கள் எல்லாம் கீழே இறங்கும். விட்டுப்போன கையெழுத்துகள் அவசர அவசரமாக விழும். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிற சாமானைத் தேடி லேப் லேபாக ஆள் ஓடும். ஆடிட்டர் கிளம்பிப் போனதும் ஒரு பெருமூச்சு! அப்புறம் அடுத்த வருஷம் வரைக்கும் ரிஜிஸ்டர் தூங்கும்.

"இதெல்லாம் பி.காம். படிக்கிறவங்க சமாச்சாரம், லேத்தும் வெல்டிங்கும் படிக்கிற நமக்கு என்னப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத்தான் ரொம்பத் தேவை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஆடிட்டர் வேலை என்ன?

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைத் துடைத்துவிடுவோம். கணக்கு எழுதுவது ஆடிட்டர் வேலை இல்லை. அது நிர்வாகத்தின் வேலை. அந்தக் கணக்கு கம்பெனியின் உண்மை நிலையைக் காட்டுகிறதா என்று சோதித்து, தன் கருத்தைப் பங்குதாரர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் ஆடிட்டர் வேலை.

நம் பாஷையில் சொன்னால் அவர் ஒரு இன்ஸ்பெக்டர். ஆயிரம் பீஸ் ஓடுகிற இடத்தில் இன்ஸ்பெக்டர் ஆயிரத்தையும் அளக்க மாட்டார், சாம்பிள் எடுப்பார். ஆடிட்டரும் அப்படித்தான். எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது. எங்கே தப்பு நடக்க வாய்ப்பு அதிகமோ அங்கே கூடுதலாகப் பார்ப்பார். ஆகவே அவர் தருவது நியாயமான அளவு உறுதிதானே தவிர, நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது.

சரி, அவர் எந்த அளவுக்குத் தோண்டிப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில் மேனேஜர் ஸ்டாக்கைக் கூட்டிக் கூட்டிக் காட்டியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த சான்றை நம்பி ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல, சந்தேகப்பட காரணம் இல்லாதபோது பொறுப்பான அதிகாரியை அவர் நம்பலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1938-ல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் குட்டு உடைந்தது. கணக்கில் காட்டிய சுமார் 8 கோடியே 70 லட்சம் டாலர் சொத்தில், ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் டாலர் வெறும் கற்பனை! இல்லாத சரக்கு, இல்லாத கடன்காரர்கள். குடோனுக்குப் போய் யாரும் சரக்கைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் ஸ்டாக் எடுக்கும்போது ஆடிட்டர் நேரில் நிற்க வேண்டும், பணம் தர வேண்டியவர்களுக்கு நேரடியாகக் கடிதம் போட்டு உறுதி செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே நடைமுறைக்கு வந்தது. அடிபட்டுத்தான் புத்தி வந்தது!

சத்யம் சொன்ன பாடம்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். பெயரே சத்யம்! 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான 'கோல்டன் பீகாக்' விருதுகூட வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் பேங்க் இருப்பில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அந்தப் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் தயாரானதாகப் பிறகு சி.பி.ஐ. சொன்னது.

யோசித்துப் பாருங்கள். ஒரு மில்லில் பஞ்சுப் பொதியை எண்ணுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேங்கில் பணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமா? பேங்குக்கு நேராக ஒரு கடிதம் எழுதி, பதிலைத் தன் கைக்கே வரவழைத்தால் போதும். அந்தக் கடிதப் போக்குவரத்தை ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்பதுதான் 2011-ல் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் கண்ட முக்கியமான குறை. பரீட்சைப் பேப்பரைத் திருத்தி மார்க்கையும் நீயே போட்டுக்கொண்டு வா என்று மாணவனிடமே கொடுத்த கதை!

விளைவு என்ன? நிறுவனமே சொன்ன கணக்கில் சுமார் 53,000 ஊழியர்கள் அங்கே இருந்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று அவர்கள் தவித்தார்கள். கோடு எழுதிய பையன் என்ன தப்பு செய்தான்? மத்திய அரசு பழைய டைரக்டர் போர்டைக் கலைத்துப் புதுப் போர்டை நியமித்தது. 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா எடுத்துக்கொண்டதால் கம்பெனி பிழைத்தது. 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. அதில் இரண்டு பேர் ஆடிட்டர்கள்.

ஆடிட் நிறுவனம் விஷயத்தில் வழக்கு வேறு மாதிரி போனது. 2018-ல் செபி அந்த நிறுவனத்துக்கு இரண்டு வருஷத் தடை போட்டது. 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. கவனக்குறைவு வேறு, மோசடியில் கூட்டு சேர்வது வேறு என்பது சட்டத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் சம்பளத்துக்காகக் காத்திருக்கிற ஊழியனுக்கு? ரெண்டுக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான்!

ஆடிட்டருக்கும் கஷ்டம் உண்டு

முழுப் பழியையும் ஆடிட்டர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. அவர் பக்கமும் பார்ப்போம்.

ஒன்று, ஃபீஸ். யாருடைய கணக்கை அவர் சோதிக்கிறாரோ அந்தக் கம்பெனிதான் அவருக்குப் படியளக்கிறது. புரொடக்‌ஷன் சூபர்வைசர் கையால் சம்பளம் வாங்குகிற இன்ஸ்பெக்டர், அவர் ஓட்டிய பீஸை ரிஜக்ட் செய்வாரா? தைரியம் வேண்டும். சட்டப்படி ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்கள்தான். நடைமுறையில் பெயரைச் சொல்லுவது பெரும்பாலும் நிர்வாகம்.

இரண்டு, நேரம். மார்ச் 31-ல் எல்லாக் கம்பெனியும் ஒன்றாகக் கணக்கை முடிக்கின்றன. செப்டம்பருக்குள் எல்லோருக்கும் வேண்டும். களத்தில் வந்து வவுச்சர் பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஆர்ட்டிகிள்ஷிப் பையன்கள், நம்மைவிட நாலைந்து வயசு பெரியவர்கள், அவ்வளவுதான். முப்பது வருஷ சர்வீஸ் உள்ள மேனேஜரிடம், "சார், இந்த பில் எங்கே?" என்று இரண்டாம் தடவை கேட்க அவனுக்கு நா எழுமா?

மூன்று, கம்ப்யூட்டர். நம் கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2018-ல் பஞ்சாப் நேஷனல் பேங்கின் மும்பைக் கிளை ஒன்றில் நீரவ் மோடி மோசடி வெளிவந்தது. முதலில் சொன்ன தொகை சுமார் ரூ.11,400 கோடி. வெளிநாட்டுக்கு உத்தரவாதச் செய்தி போன 'ஸ்விஃப்ட்' ஒரு சிஸ்டம், பேங்கின் தினசரிக் கணக்கு ஓடிய 'கோர் பேங்கிங்' இன்னொரு சிஸ்டம். ரெண்டையும் இணைக்கவில்லை. ஒன்றில் அனுப்பியதை மற்றதில் ஏற்றாமலே விட்டார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் அங்கே ஒன்றுமே தெரியாது! சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர் இந்தக் காலத்தில் முழு ஆடிட் செய்ய முடியாது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2013 கம்பெனிச் சட்டம், லிஸ்ட் ஆன கம்பெனிகளிலும் வேறு சில பெரிய கம்பெனிகளிலும் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. தான் ஆடிட் செய்கிற கம்பெனிக்கே கணக்கு எழுதிக் கொடுப்பது போன்ற வேலைகளையும் தடை செய்கிறது. ரூ.1 கோடி அல்லது அதற்கு மேல் மோசடி நடந்திருப்பதாகத் தெரிந்தால் மத்திய அரசுக்குத் தெரிவிப்பது ஆடிட்டரின் கடமை. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018 அக்டோபர் முதல் என்.எஃப்.ஆர்.ஏ. என்ற தனி அமைப்பே இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் சட்டம் வேலி போடலாம், பயிரை யார் வளர்ப்பது?

இங்கேதான் நாம் வருகிறோம்

நாளைக்கு டிப்ளமா முடித்து வெளியே போனால் நாம் என்ன ஆவோம்? ஸ்டோர்ஸில் இருப்போம், ஷாப் ஃப்ளோரில் சூபர்வைசராக இருப்போம், சைட்டில் எம்-புக் எழுதுவோம். ஆடிட்டர் ஏ.சி. ரூமில் பார்க்கிற ஒவ்வொரு எண்ணும் முதலில் நம் கையால்தான் பேப்பரில் ஏறுகிறது. ஜீரோ எரர் இருப்பது தெரியாமல் வெர்னியரை வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்காரன் அளந்தாலும் அளவு தப்பாகத்தானே வரும்? நாம் எழுதுகிற பின் கார்டு பொய்யானால் ஆடிட்டும் பாதிக் குருடுதான்.

ஒரு உதாரணம். லேத்திலிருந்து விழுகிற ஸ்கிராப். எடை போடாமல் கண்மதிப்பில் லாரி ஏற்றினால் என்ன ஆகும்? விற்ற பணத்தில் எவ்வளவு கம்பெனிக்கு வந்தது என்று தெரியாது. அதைவிடப் பெரிய நஷ்டம், மெட்டீரியல் எவ்வளவு வீணாகிறது என்பதே தெரியாது. வீண் தெரியாவிட்டால் விலையைச் சரியாகப் போட முடியாது. விலை தப்பினால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் நம் வேலை போகும். நல்ல ஆடிட்டர் இந்த இடத்தில்தான் "எடைச் சீட்டு எங்கே?" என்று கேட்பார். அந்தக் கேள்வி நம்மைத் திருடன் என்று சொல்லுகிற கேள்வி இல்லை. கம்பெனி பிழைக்கக் கேட்கிற கேள்வி. கணக்கை நம்பினால்தான் பேங்க் கடன் தரும், மெஷின் வரும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். "ஆடிட் அப்ஜெக்‌ஷன் வரும்" என்று பயந்து எந்த முடிவும் எடுக்காமல் ஃபைலைத் தள்ளிக்கொண்டே போகிற அதிகாரிகளும் உண்டு. ஒரு ரூபாய் வவுச்சருக்கு ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு, கோடி ரூபாய் இருப்பைக் கேள்வியே கேட்காத ஆடிட்டும் உண்டு. டிக் அடிப்பது மட்டும் ஆடிட் ஆகாது. பெரிய விஷயத்தை நேரில் போய்ப் பார்ப்பதுதான் ஆடிட்.

ஆகவே நண்பர்களே, வேலைக்குப் போகிற இடத்தில் நாலு விஷயம் மட்டும் வைத்துக்கொள்வோம். பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதுவோம். பழைய தேதி போடச் சொன்னால் மரியாதையாக மறுப்போம். ஆடிட்டர் கேட்டால் தெரிந்ததை உள்ளபடி சொல்லுவோம்.

கடைசியாக, ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டை விட்டுவிடலாமா? நம் மாணவர் மன்றமும் பணம் வாங்குகிறது, செலவு செய்கிறது. இந்த மலருக்கே கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்டிருக்கிறோம். நம் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். அதனால் மன்றத்துக்கு என் கோரிக்கை இது. எத்தனை ரசீதுப் புத்தகம் அச்சடித்தோம், யார் யாரிடம் கொடுத்தோம் என்று ஒரு லிஸ்ட் வேண்டும். அத்தனை புத்தகமும் அடிக்கட்டையோடு திரும்பி வர வேண்டும். பொறுப்பில் இல்லாத, வேறு வேறு துறையைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் அதை எண்ணிப் பார்த்து, பேங்க் பாஸ்புக்கோடு சரிபார்க்க வேண்டும். பிறகு வரவு செலவு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். இது யார் மேலும் சந்தேகத்தால் சொல்வது இல்லை. சந்தேகம் வந்த பிறகு கணக்குக் கேட்டால் அது சண்டை. நம்பிக்கை இருக்கும்போதே கணக்குக் காட்டினால் அதுதான் நிர்வாகம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளப்பதற்குத்தான் மூன்று வருஷம் படித்திருக்கிறோம். அளந்ததை எல்லோருக்கும் காட்டவும் கற்றுக்கொள்வோம்!