பூக்கும் முன் பிடுங்குவோம்!

முதல் மழை விழுந்துவிட்டது. சாலையோரம் பச்சை கட்டுகிறது. அந்தப் பச்சைக்குள் நம் எதிரியும் முளைத்திருக்கிறது. குனிந்து பாருங்கள். கேரட் இலை போல் நுணுக்கமாகப் பிளந்த இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்து கிடக்கின்றனவா? மேலே மெல்லிய சுணை தெரிகிறதா? அதுதான் பார்த்தீனியம். இந்த நிலையிலேயே அடையாளம் கண்டால்தான் வெல்ல முடியும்.

விட்டுவிட்டால் தண்டு எழும்பும். அதில் நீளவாக்கில் வரிகள் ஓடும். உச்சியில் மிளகளவு வெண்பூக்கள் கொத்துக்கொத்தாக வெடிக்கும். ஒவ்வொரு பூவின் விளிம்பிலும் ஐந்து சிற்றிதழ்கள், இதழுக்கு ஒரு விதை. ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்கும். காற்றும் மழைநீரும் லாரிச் சக்கரத்துச் சேறும் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோகும். 1955இல் புனேயில் கண்டறியப்பட்ட இந்த அமெரிக்கக் கண்டத்துச் செடி அப்படித்தான் நம் ஊர்வரை வந்தது.

அவசரத்தில் கண்டதையெல்லாம் பிடுங்க வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டும் சாலையோரத்தில்தான் பூக்கும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், பல் வைத்த இலை: அது நம் மருந்துச்செடி, இருக்கட்டும்.

பார்த்தீனியம் பட்டுப் பட்டுத் தோல் வெடித்து அவதிப்படும் களை வெட்டும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். மாடு தின்றால் பால் கசக்கும். தக்காளி, மிளகாய்ப் பூக்களில் அதன் மகரந்தம் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும். அதன் வேரும் சருகும் கசியவிடும் நஞ்சு பக்கத்து விதைகளை முளைக்கவிடாது. இதையா நாம் வேடிக்கை பார்ப்பது?

இந்தக் களையைக் கட்டுப்படுத்த 1984இல் மெக்சிகோ வண்டு ஒன்றைப் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையைத் தின்கிறது, நல்லதுதான். வண்டை நம்பி நாம் கைகட்டி நிற்க முடியாது. முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும் செடி இது!

மண் ஈரமாக இருக்கும்போதே இறங்குங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் தள்ளியே நில்லுங்கள். அரிவாளால் அறுத்தால் மீண்டும் துளிர்க்கும், வேரோடு இழுங்கள். பூக்காததைக் குழியிலிட்டு உரமாக்கலாம். பூத்ததைச் சாக்கில் கட்டி, ஒரு விதையும் சிதறாமல் அப்புறப்படுத்துங்கள். வெறுமையான இடத்தில் கொழுஞ்சி, துத்தி, ஆவாரை விதைகளைத் தூவுங்கள். அவை பார்த்தீனியத்தை நெருக்கி ஒடுக்கும்.

பள்ளிச் சுவர், பேருந்து நிறுத்தம், ஏரிக்கரை, வாய்க்கால் வரப்பு என்று தெருவுக்கு ஒரு குழுவாகப் பிரியுங்கள். அடுத்த மழைக்குக் காத்திராதீர்கள். இன்றே வாருங்கள், தோழர்களே!